அம்மாவின் முழங்காலும் தலைக்குள் இருந்த கட்டியும்

முழங்கால் மாற்று ஆபரேஷனுக்குத் தேதி குறித்தாகிவிட்டது. ரத்தம், எக்கோ, எக்ஸ்ரே எல்லாம் ஒரே காலையில் முடிந்தன. மாட்டிக்கொண்டது மயக்க மருந்து டாக்டரிடம்தான்.

"வேற ஏதாவது?" என்று அவர் கேட்க, "தலையில சின்னதா ஒரு கட்டி இருக்கு. ஒண்ணும் பண்ண வேண்டாம்னுட்டாங்க" என்றார் அம்மா, பல் ஆடுகிறது என்பதுபோல. டாக்டர் பேனாவை மூடி வைத்துவிட்டார். படிவத்தில் சுகருக்கும் பிபிக்கும் கட்டம் இருந்தது, தலைக்கு இல்லை. நானும் எழுதவில்லை.

முழு மயக்கம் இல்லை, இடுப்புக்குக் கீழே மரத்துப்போக முதுகில் ஒரு ஊசி (ஸ்பைனல்), அதனால் ஆபத்தே கிடையாது என்று நினைத்திருந்தேன். ஊசி துளைத்த இடத்தில் தண்டுவட நீர் கொஞ்சம் கசியுமாம். கட்டியால் தலைக்குள் ஏற்கெனவே அழுத்தம் ஏறியிருந்தால், கீழே அழுத்தம் குறைந்ததும் மூளை கீழ்நோக்கிப் பிதுங்கிவிடலாம். எபிடூரல் போட்டால் கதை வேறு: அதுவும் முதுகில் போடும் ஊசிதான், ஆனால் தண்டுவட நீரைச் சுற்றிய உறைக்கு வெளியே செலுத்தும் மருந்து அந்த நீர்ப்பையை அழுத்த, தலைக்குள் அழுத்தம் ஏறும்.

தேதி தள்ளிப்போனது. பழைய ஸ்கேனைத் தேடிப் போனால், ரெக்கார்டு ரூம் சாவி வைத்திருப்பவர் லீவாம். மறுநாள் கிடைத்த சிடி எந்தக் கம்ப்யூட்டரிலும் திறக்கவில்லை. சரி என்று புதிதாக எம்ஆர்ஐ எடுத்து, நரம்பியல் டாக்டரிடம் கடிதம் வாங்கினேன். 'அறுவை சிகிச்சைக்குத் தகுதி', ஒரே வரி. மயக்க மருந்து டாக்டர் திருப்பிக் கொடுத்தார்: "முதுகுல ஊசி போடலாமான்னுதானே கேட்டேன்?"

மறுபடி 2 மணி நேரம் வரிசை. இந்த முறை கேள்வியையே அவர் கையால் எழுதி வாங்கிப் போனேன். பதிலும் முழுசாக வந்தது: கட்டி சிறியது, மூளை நகரவில்லை, மூளைக்குள் இருக்கும் நீரறைகள் அடைபடவில்லை, ஸ்பைனல் போடலாம். வீட்டில் யாருக்காவது தலையில் ஷன்ட் (மூளை நீரை வடிக்கும் குழாய்), கட்டி, பழைய ஆபரேஷன் எது இருந்தாலும் முதல் நாளே சொல்லிவிடுங்கள். ஸ்கேன் ரிப்போர்ட்டை ரேஷன் கார்டோடு வையுங்கள்.

மெல்லிய ஊசியில் ஸ்பைனல், வலிக்குத் தொடையில் நரம்பை மரத்துப்போக வைக்கும் ஊசி. தூக்க மருந்து அதிகம் கொடுக்கவில்லை. மூச்சு மந்தமானால் கரியமிலவாயு தேங்கி, அதுவும் தலைக்குள் அழுத்தத்தை ஏற்றுமாம். ஆபரேஷன் நல்லபடி முடிந்தது.

இரண்டாம் நாள் அம்மா தலைவலி என்றதும் எனக்கு வியர்த்துவிட்டது. தண்டுவட நீர் கசிந்ததால் வந்த வலியா என்று பார்க்க மயக்க மருந்து டாக்டர் ஓடி வந்தார். "உட்கார்ந்தா அதிகமாகுதா? படுத்தா குறையுதா?"

"எப்படி இருந்தாலும் வலிக்குது டாக்டர். காபி குடிச்சு ரெண்டு நாளாச்சு."

கேன்டீனுக்கு ஓடினேன். அரை மணி நேரத்தில் தலைவலி போயே போச்சு.