மின்னல் ஒன்று, செவி இரண்டு

பாலக்காட்டின் கிழக்கு எல்லையில், கொழிஞ்சாம்பாறைப் பக்கம் ஒரு கல்லூரியில் இயற்பியல் நடத்துகிறேன். மாணவர்களில் பலர் தமிழ் வழிப் பள்ளிகளில் படித்து வந்தவர்கள். அவர்களோடு நான் ஆசையாக நடத்தும் பாடம், மின்னல் எழுப்பும் வானொலி அலைகளைக் காதுக்கு ஒலியாக்கி, பூமியின் தெற்கிலும் வடக்கிலும் ஒன்றுக்கொன்று எதிரான இரு இடங்களில் பதிவானவற்றை ஒப்பிடுவது.

நேர் எதிரான இடம் என்றதும் உலக உருண்டையைச் சுழற்றத் தொடங்கிவிடுவார்கள். இங்கே அந்தக் கணக்கு செல்லாது. பூமியின் காந்தக் கோடு எங்கே புறப்பட்டு எங்கே இறங்குகிறதோ அவையே ஜோடி. அண்டார்க்டிகாவில் 76 டிகிரி தெற்கே இருந்த சைப்பிள் நிலையத்துக்குக் கனடாவின் ரொபேர்வால் ஜோடி. அதுவோ 48 டிகிரி வடக்கில்தான் இருக்கிறது. அண்டார்க்டிகாவிலேயே உள்ள ஜப்பானின் ஸ்யோவா நிலையத்துக்கு ஐஸ்லாந்து.

மின்னலில் பிறக்கும் அலையின் ஒரு பகுதி காந்தக் கோட்டைப் பிடித்துக்கொண்டு விண்வெளிக்கு ஏறி, மறு அரைக்கோளத்தில் இறங்குகிறது என்று 1953-ல் ஸ்டோரி என்ற ஆய்வாளர் விளக்கினார். வழியில் அதிர்வெண்கள் முன்பின்னாகப் பிரிவதால், நொடிப்பொழுது வெடிப்பு நீண்ட விசிலாகக் கேட்கிறது.

இரு நிலையங்களின் பதிவுப் படங்களை (ஒலியின் அதிர்வெண் நேரத்தோடு மாறுவதைக் கோடாகக் காட்டுபவை) ஒரே நேர அளவில் மேலும் கீழுமாக வைத்து, ஸ்கேலால் அளக்கச் சொல்வேன். வடக்கே வெட்டிய மின்னலின் விசில், தெற்கே ஒரு மடங்கு தாமதத்தில், அதாவது ஒருவழிப் பயண நேரத்தில், விழும். அங்கிருந்து திரும்பி வடக்கே இரண்டு மடங்கில். மறுபடி தெற்கே மூன்றில். தெற்கில் 1, 3, 5. வடக்கில் 2, 4, 6. போன வகுப்பில் ஒரு மாணவி, "சார், தெற்கே மட்டும் கேட்டிருந்தால் இது திரும்பிப் போய் வந்ததென்று யாருக்குத் தெரியும்?" என்றாள். ஒற்றைப் பதிவிலும் அந்த விகிதத்தைக் கொண்டு ஊகிக்கலாம். நடுவில் விட்டுப்போன இரண்டாவது கோட்டைக் கண்ணால் காண வடக்கின் பதிவு வேண்டும். ஒப்பீட்டின் பலன் அதுதான் என்பது என் உறுதியான எண்ணம்.

இரு முனைகளும் சமமாகக் கேட்பதும் இல்லை. அண்டார்க்டிகாவில் மின்னல் மிக அரிது. சைப்பிளில் பதிவான விசில்கள் பெரும்பாலும் வட அமெரிக்க இடிமழையின் கொடை. ஜூன், ஜூலையில் வடக்கே இடி முழங்க, தெற்கே நீண்ட இரவு. வெயில் படும் அயனி மண்டலம், அதாவது மேல் வளிமண்டலத்தில் மின்னேற்றத் துகள்கள் நிறைந்த அடுக்கு, இந்த அலைகளை விழுங்கும். இருட்டில் அவை எளிதாக இறங்கும். பனிவெளியில் மின்கம்பி இரைச்சலும் இல்லை.

எங்கள் ஊரில் இந்த விசிலை எதிர்பார்க்க முடியாது. காந்த நடுக்கோடு பக்கத்திலேயே தெற்கே போவதால், இங்கே கோடுகள் ஏறக்குறைய கிடையாகக் கிடக்கின்றன. மின்கம்பிகளை விட்டு விலகிப் பனந்தோப்புக்குள் கம்பிச்சுருள் ஆண்டெனாவைக் கொண்டுபோனால், இரவில் மின்னல்களின் படபடப்பும், மின்னல் அலை தரைக்கும் அயனி மண்டலத்துக்கும் இடையே எதிரொலித்து வருவதால் பிறந்து, 1.7 கிலோஹெர்ட்ஸ் அருகே வளைந்து முடியும் 'ட்வீக்' ஒலிகளும் கிடைக்கும். அந்த வளைவிலிருந்து அயனி மண்டலத்தின் அடி உயரத்தைக் கணக்கிடலாம். ஏறத்தாழ 88 கிலோமீட்டர். இந்தப் பருவத்துக்கு மாணவர்களின் வேலை அதுதான்.