முன்சீட்டை உதைக்கும் கால்கள்

புது நாட்டுக்கு வந்தபோது மடியிலேயே தூங்கிவந்த கைக்குழந்தைக்கு, முதன்முறை ஊருக்குக் கிளம்பும்போது மூன்று வயதாகியிருக்கும். இரண்டு வயது நிறைந்தாலே விமானத்தில் தனி சீட் எடுத்தாக வேண்டும். அந்த சீட்டில் பத்து மணி நேரம் எப்படி உட்காருவது என்பதைப் பிள்ளைக்கு யாரும் சொல்லித் தந்திருக்க மாட்டார்கள். ஏறிய பிறகு அதட்டிப் பயனில்லை. வீட்டிலேயே பழக்க வேண்டும்.

இரண்டு வாரம் முன்பே இரண்டு நாற்காலிகளை ஒன்றன்பின் ஒன்றாகப் போடுங்கள். பின்னால் பிள்ளை, முன்னால் நீங்கள். முதல் நாள் 5 நிமிடம், போகப்போக 20 நிமிடம். பிறகு இடம் மாற்றி, பிள்ளையின் நாற்காலியைப் பின்னாலிருந்து காலால் லேசாக இடியுங்கள். முதுகில் அந்த இடி விழுந்ததும் சட்டென்று திரும்பிப் பார்க்கும். "முன்னாடி இருக்கிறவங்களுக்கும் இப்படித்தான் இருக்கும்" என்று அப்போது சொன்னால் மனதில் பதியும்.

உதைப்பது எப்போதும் குறும்பு இல்லை. விமான சீட்டின் ஆழம் பெரியவர்களுக்கானது. பிள்ளையின் முழங்கால் சீட்டின் விளிம்பை எட்டாததால் கால்கள் நேராக நீட்டிக்கொண்டு நிற்கும். கொஞ்சம் அசைந்தாலே முன்சீட்டில் படும். முதுகுக்குப் பின்னால் ஒரு தலையணை வைத்து முன்னே தள்ளி உட்காரவைத்தால் முழங்கால் மடங்கிக் கால் கீழே தொங்கும். ஷூவைக் கழற்றிவிடுங்கள். டிக்கெட் எடுக்கும்போதே பிள்ளைக்கு நேர் முன்சீட்டைக் குடும்பத்தில் ஒருவருக்கு வாங்க முடிந்தால் அதைவிட நிம்மதி வேறில்லை.

காரில் குழந்தை இருக்கைக்குப் பழகிய பிள்ளைக்கு விமான பெல்ட் விளையாட்டுப் பொருள்தான். தகட்டைத் தூக்கினால் கழன்றுவிடும் என்று நொடியில் கண்டுபிடித்துவிடும். பெல்ட் விளக்கு எரிந்தால் பூட்டு, அணைந்தால் கேட்டுவிட்டுக் கழற்று: இந்த ஒரு விதியை மட்டும் வீட்டு விளையாட்டிலேயே சேர்த்துவிடுங்கள். முன்சீட்டின் முதுகில் உள்ள சாப்பாட்டுத் தட்டை மடக்கித் திறப்பதும் முன்சீட்டுக்காரரை உலுக்கும், அதையும் சொல்லுங்கள்.

ஹெட்போன் போட்ட பிள்ளை கத்திப் பேசும், தன் குரல் தனக்கே கேட்காததால். "மெதுவா" என்று நாமும் கத்துவதைவிட, தோளைத் தொட்டு ஒரு பக்கம் கழற்றிவிட்டுப் பேசுவது நல்லது. ஒலி 85 டெசிபெல்லைத் தாண்டாத குழந்தைகள் ஹெட்போனாக வாங்குங்கள். பொம்மைகளில் உருள்வதும் சத்தம் போடுவதும் வேண்டாம். ஒட்டி எடுக்கும் ஸ்டிக்கர், முக்கோண கிரேயான் போதும். எல்லாவற்றையும் ஒரேயடியாக நீட்டாமல் மணிக்கு ஒன்றாக எடுங்கள்.

கழிவறைக்குச் சாப்பாடு வருமுன்பே கூட்டிப்போங்கள்; பிறகு வரிசை நீளும். அந்த ஃப்ளஷ் சத்தத்துக்குப் பயந்து அடுத்த முறை போகவே மறுக்கும் பிள்ளைகள் உண்டு. பிள்ளையை வெளியே நிறுத்தி, மூடியை மூடிவிட்டு அழுத்துங்கள்.

தூங்கவைக்க மருந்து கொடுக்கும் யோசனை சிலருக்கு வரும். தயவுசெய்து டாக்டரைக் கேட்காமல் கொடுக்காதீர்கள். தூக்கம் தரும் அலர்ஜி மருந்து சில பிள்ளைகளை நேர்மாறாகத் துள்ளவைக்கும்.

இறங்கும்போது வரும் அழுகையை அடம் என்று நினைக்காதீர்கள். விமானத்துக்குள் காற்றழுத்தம் கூடக்கூட செவிப்பறை உள்ளே அழுந்தி வலிக்கும். விழுங்கினால் காதையும் தொண்டையையும் இணைக்கும் குழாய் திறந்து அழுத்தம் சமமாகும். தூக்கத்தில் விழுங்குவது குறைவு. எனவே தரையிறங்க அரை மணி நேரம் முன்பே எழுப்பி, உறிஞ்சுகுழல் போட்டு, வாய்வாயாகத் தண்ணீர் கொடுத்துக்கொண்டே வாருங்கள்.