ஸ்கேன் அறிக்கையில் இல்லாதது

அக்கா மகனுக்கு இருமுனைப் பிறழ்வு (பைபோலார்: அளவுமீறிய உற்சாகமும் ஆழ்ந்த சோர்வும் மாறிமாறி வரும் மனநோய்) என்று மருத்துவர் சொன்னபோது அவனுக்கு வயது 17. வேறு நோய் ஏதேனும் பின்னணியில் இருக்கிறதா என்று பார்ப்பதற்காக மூளையை எம்.ஆர்.ஐ. எடுத்தார்கள், குறை எதுவும் இல்லை என்று அறிக்கை வந்தது. அதைக் கையில் வைத்துக்கொண்டு அத்தான் என்னிடம், “ஒன்றுமில்லை என்றுதானே எழுதியிருக்கிறார்கள், அப்புறம் எதற்கு இத்தனை மாத்திரை?” என்று கேட்டார். அன்று என்னிடம் பதில் இல்லை. பிறகு ஓராண்டாகத் தேடி வாசித்ததில் எனக்குப் புரிந்ததை அவருக்காகவே இங்கே எழுதி வைக்கிறேன்.

எனிக்மா என்ற பன்னாட்டு ஆய்வுக் கூட்டமைப்பு, இந்நோயுள்ள 1,710 பேரின் மூளைப் படங்களை நோயில்லாத 2,594 பேரின் படங்களோடு ஒப்பிட்டு 2016-இல் முடிவுகளை வெளியிட்டது. நினைவாற்றலுக்கு இன்றியமையாத ஹிப்போகாம்பஸும், செய்திகளை மூளையின் வெளி அடுக்கான புறணிக்குக் கடத்தும் தாலமஸும் நோயுள்ளவர்களிடம் சராசரியாகச் சற்றுச் சிறியவை. மூளைநீர் நிறைந்த பக்க அறைகள் சற்றுப் பெரியவை. இந்தச் ‘சற்று’ என்ற சொல்லில்தான் அத்தானுக்கான பதில் இருக்கிறது. ஒரு வகுப்பு மாணவர்களின் சராசரி உயரம் அடுத்த வகுப்பைவிட அரை அங்குலம் குறைவு என்று வைத்துக்கொள்வோம். வாசலில் நிற்கும் ஒரு பையனை அளந்து அவன் எந்த வகுப்பு என்று யாராலும் சொல்ல முடியாது. ஆயிரக்கணக்கானவர்களைச் சேர்த்துப் பார்த்தால் மட்டுமே தெரிகிற வேறுபாடு, தனியொருவனின் ஸ்கேனில் ‘இயல்பு’ என்ற எல்லைக்குள்ளேயே அடங்கிவிடுகிறது. ஆகவே அறிக்கையும் சரி, நோயும் உண்மை.

இளையோரிடம் கணக்கு இன்னும் சிக்கலாகிறது. பயம், கோபம் முதலிய உணர்ச்சிகளோடு தொடர்புடைய அமிக்டலா, இந்நோயுள்ள பதின்வயதினரிடம் சிறிதாக இருப்பதைப் பல ஆய்வுகள் கண்டிருக்கின்றன. பெரியவர்களிடம் அது அவ்வளவு சீராகத் தென்படுவதில்லை. அந்த வயதில் மூளையே கட்டுமானத்தில் இருக்கும் வீடுதான்: பதின்வயது முழுவதும் புறணி இயல்பாகவே மெலிந்துகொண்டு வர, திட்டமிடவும் அடக்கிக்கொள்ளவும் உதவும் முன்பகுதி இருபதுகளின் நடுப்பகுதி வரை முதிர்ந்துகொண்டே இருக்கிறது. ஒரே ஆட்களைச் சில ஆண்டு இடைவெளியில் மறுபடி படமெடுத்து, 2022-இல் வெளிவந்த எனிக்மா ஆய்வில், அளவுமீறிய உற்சாகம் பொங்கும் பித்தெழுச்சிகள் அதிகம் கண்டவர்களிடம் முன்புறணி விரைவாக மெலிந்திருந்தது. எது காரணம், எது விளைவு என்பதை அந்த ஆய்வு தீர்மானிக்கவில்லை என்றாலும், அடுத்த எழுச்சியைத் தடுப்பதில் மருத்துவர் ஏன் இவ்வளவு கண்டிப்பாக இருக்கிறார் என்பது எனக்கு அப்போதுதான் விளங்கியது.

வீட்டில் எங்களை வாட்டியது மூளையின் அளவன்று, அவனது படிப்பு. பித்தெழுச்சியும் சோர்வும் அடங்கிய அமைதியான மாதங்களிலும் ஒரே பக்கத்தை மூன்று முறை வாசித்துவிட்டு, “தலைக்குள் நிற்க மாட்டேன் என்கிறது, சித்தி” என்பான். சோம்பல் என்று உறவினர்கள் சொன்னார்கள். நானும் ஒருமுறை சொல்லியிருக்கிறேன், அதற்காக இன்றும் கூச்சப்படுகிறேன். கவனம், சொற்களை நினைவில் வைத்தல், தகவலைக் கையாளும் வேகம் ஆகியவற்றில் ஏற்படும் தொய்வு மனநிலை சீரான பிறகும் பலருக்குத் தொடர்கிறது. இது தொடக்கத்திலிருந்தே அறிவுக் குறைவு என்று கொள்வதும் தவறு. ஸ்வீடனில் ஏழு லட்சத்துக்கும் மேற்பட்ட மாணவர்களின் மதிப்பெண்களை ஆராய்ந்து 2010-இல் வெளியான ஆய்வின்படி, 16 வயதில் மிகச் சிறந்த மதிப்பெண் பெற்றவர்களுக்குப் பின்னாளில் இந்நோய் வரும் வாய்ப்பு, சராசரி மாணவர்களைவிட ஏறத்தாழ நான்கு மடங்கு.

மாத்திரைதான் மந்தமாக்குகிறது என்பது அத்தானின் கட்சி. இந்நோய்க்குத் தரப்படும், மனநிலையைச் சீராக்கும் மருந்தான லித்தியம் எடுக்கும் சிலர் அப்படி உணர்வது உண்மை. அளவை மருத்துவரிடம் பேசிச் சரிசெய்யலாம். ஆனால் எனிக்மாவின் 2018 ஆய்வில், லித்தியம் எடுத்துக்கொண்டவர்களின் புறணி எடுக்காதவர்களுடையதைவிடத் தடிப்பாகவே இருந்தது. தாமாகவே திடீரென்று நிறுத்திவிட்டால் நோய் திரும்பும் ஆபத்து கூடும்.

மறுபடியும் ஒரு ஸ்கேன் எடுக்கலாமா என்று அத்தான் சென்ற மாதம் கேட்டார். அதற்குப் பதிலாக ஓர் உளவியலாளரிடம் அழைத்துப் போனோம். எண்களைப் பின்னிருந்து சொல்வது, கேட்ட சொற்களை அரைமணி கழித்து நினைவுகூர்வது என்று இரண்டு மணி நேரம் சோதித்தார்கள். சிந்திப்பதில் குறையில்லை, வேகத்தில்தான் என்று அந்த அறிக்கை சொன்னது. தேர்வில் கூடுதல் நேரம் கேட்டு அவன் கல்லூரிக்கு எழுதிய விண்ணப்பத்தில் அந்த அறிக்கையைத்தான் இணைத்திருக்கிறோம்.