வில்லுத்தகட்டை உலையில் வைக்குமுன்

மாங்குளத்துக்கு அருகே ஏ9 வீதியோரப் பழைய இரும்புக் கடையொன்றில் லொறியின் பாரம் தாங்கும் வில்லுத்தகடுகளை நிறைக்கு வாங்கிக் காட்டுக்கத்தி அடிக்க எண்ணியபோது, சோதித்துப் பார்க்காத இரும்பை உலையில் வைப்பதில்லை என்று உறுதியாக இருந்தேன். பற்றை வெட்டுபவரின் கையில் கத்தி முறிந்தால், தெறிக்கும் துண்டு கண்ணையே பறித்துவிடும். அதே குவியலில் கிடந்த எறிகணைக் கோதுகளை, மருந்து மீந்திருக்கலாம் என்பதால், நான் தொடவில்லை; வன்னியில் எவரும் தொடக் கூடாது. சூடேறினால் நச்சுப்புகை விடும் நாகம் பூசிய கல்வனைஸ் குழாய்களையும் ஒதுக்கினேன்.

முதலில் இரும்பைக் கிரைண்டரில் தேய்த்து, பறக்கும் தீப்பொறியைப் பார்த்தேன். கட்டடக் கம்பியின் பொறிகள் நீண்டு ஓடி, ஓரிரு கிளைகளோடு அணைந்தன. வில்லுத்தகட்டின் பொறிகளோ அடர்ந்த கிளைகளாக வெடித்தன. உருக்கைக் கடினமாக்க உதவும் காபன் கூடக்கூடக் கிளைகளும் பெருகும். ஆனால் குரோமியம், சிலிக்கன் போன்றவை கலந்திருந்தால் பொறியின் தோற்றம் மாறிவிடுமாதலால், பொறியை மட்டும் நம்பி முடிவெடுப்பது சரியல்ல.

ஆகவே தகட்டின் ஓரத்தில் விரலளவு துண்டை வெட்டி, காந்தம் ஒட்டாத நிலைக்கு, அதாவது ஏறத்தாழ 770 பாகை செல்சியசுக்குச் சற்று மேலே காய்ச்சி, எண்ணெயில் தோய்த்தேன். தண்ணீரில் தோய்த்தால் இவ்வகை உருக்கில் வெடிப்பு விழக்கூடும். ஆறிய துண்டின் மேல் அரத்தை இழுத்தபோது, அது கடிக்காமல் வழுக்கிப் போனது; துண்டு கடினமாகிவிட்டது என்பதற்கு அதுவே அடையாளம். பின்னர் துண்டைச் சாக்கில் சுற்றி, வைஸில் இறுக்கி, சுத்தியலால் அடித்து முறித்தேன். முறிந்த முகம் நுண்ணிய மணிகளோடு சாம்பல் நிறமாக இருந்தது. வேண்டுமென்றே அதிகம் காய்ச்சிய இன்னொரு துண்டின் முகமோ சீனி கொட்டியதுபோல் மின்னியது. முன்னது தாங்கும், பின்னது நொறுங்கும். சோதனைகளுள் நான் பெரிதும் மதிப்பது இம்முறிவைத்தான்.

உருக்கு நல்லதென்றாலும், ஆண்டுக்கணக்காகப் பாரம் சுமந்த தகட்டில் வெடிப்பு மறைந்திருக்கலாம். துருவைச் சுரண்டி, மண்ணெண்ணெய் பூசி ஊறவிட்டு, நன்றாகத் துடைத்துச் சோக்குத் தூளைத் தூவினேன். ஒரு தகட்டின் நடுத்துளையை ஒட்டி, மயிரிழை போல ஈரக்கோடு ஊறியெழுந்தது. அத்தகட்டை முழுமையாகவே விலக்கினேன். ஒரே குவியலில் வந்தவையாயினும், வெவ்வேறு லொறிகளின் தகடுகள் ஒரே தன்மையாக இரா என்பதால், மற்றவற்றையும் தனித்தனியே சோதித்து, முடிவைச் சோக்கால் எழுதிய பின்னரே உலையை மூட்டினேன்.