ஒரு துளைக்கு மூன்று ஞாயிறு: 440பிஎக்ஸ் போர்டு எழுந்துவிட்டது

பழைய கம்ப்யூட்டர் மதர்போர்டு ஒன்றைப் பழுதுபார்த்துக்கொண்டிருந்தேன். நேற்று இரவு அதில் விண்டோஸ் 98 முழுதாக ஏறி டெஸ்க்டாப் வந்தது. இன்டெல் 440பிஎக்ஸ் சிப்செட், ப்ராசசரைச் செருகும் ஸ்லாட் 1, பென்டியம் 3, 450 மெகாஹெர்ட்ஸ். போர்டு கைக்கு வந்தபோதே ப்ராசசரை ஒட்டி நிற்கும், மின்சாரத்தைத் தேக்கிச் சீராக்கும் கெப்பாசிட்டர் வரிசையில் ஒன்று இல்லை. எங்கோ இடிபட்டு முறிந்திருக்கிறது. கால்கள் இரண்டும் துளைக்குள்ளேயே நின்றுவிட்டன. ஆன் செய்ததும் முதலில் ஓடும் பயாஸ் வரை ஒழுங்காக வரும், விண்டோஸ் லோகோ தெரிந்ததும் அப்படியே நின்றுவிடும்.

மதிப்பைக் கண்டுபிடிக்கச் சிரமமில்லை. வரிசையில் மற்றவை எல்லாம் 1500 மைக்ரோஃபாரட், 6.3 வோல்ட். ஆனாலும் ப்ராசசரைக் கழற்றிவிட்டு மல்டிமீட்டரை பீப்பில் (இணைப்பு இருந்தால் ஒலிக்கும்) வைத்துப் பார்த்தேன். ஒரு துளை ஸ்குரு துளையின் வளையத்தோடு பீப் அடித்தது, அது நெகட்டிவ். மற்றது பக்கத்துக் கெப்பாசிட்டர்களின் பாசிட்டிவ் காலோடு. போர்டில் அச்சிட்ட வெள்ளைப் பாதியை மட்டும் நம்பாதீர்கள், எல்லாத் தயாரிப்பாளர்களும் அதை ஒரே அர்த்தத்தில் போடுவதில்லை.

பாசிட்டிவ் துளை, உருகிய ஈயத்தை உறிஞ்சும் சக்கரால் இரண்டே இழுப்பில் சுத்தமானது. நெகட்டிவ் துளைதான் இரண்டு ஞாயிறுகளைத் தின்றது. உள்ளே கிரவுண்ட் செப்புத் தகடு, வைக்கிற சூட்டையெல்லாம் குடித்துவிடுகிறது. 25 வாட் சால்டரிங் அயர்ன் நுனி ஈயத்தில் ஒட்டிக்கொண்டு நின்றதே தவிர, ஈயம் உருகவில்லை. ஈயத்தை உறிஞ்சும் செப்புப் பின்னலான பிரெய்டும் அப்படியே ஒட்டிக்கொண்டது. அதை இழுத்திருந்தால் துளையைச் சுற்றியுள்ள செப்பு வளையம், அதாவது பேட், பெயர்ந்திருக்கும்.

கடைசியில் பலித்தது இதுதான். 60 வாட் அயர்ன், உளி நுனி. பழைய ஈயத்தின் மேல், ஈயம் நன்றாக ஓட உதவும் ஃப்ளக்ஸ் தடவி, புது 63/37 ஈயம் (63% தகரம், 37% ஈயம்) கொஞ்சம் ஏற்றினேன். அது 183 டிகிரியிலேயே உருகும். போர்டின் அடியில் ஹேர் டிரையரை மூன்று நிமிடம் காட்டி, சூடு ஆறுவதற்குள் அயர்னை வைத்து, மேல்பக்கம் ட்வீசரால் காலை உருவினேன். கால் வந்தது, துளை அடைத்தே இருந்தது. அதற்கு மெடிக்கல் ஷாப்பில் வாங்கிய 21 கேஜ் ஊசி. முனையை அரத்தில் தட்டையாக்கிக்கொண்டேன். ஸ்டெயின்லெஸ் ஸ்டீலில் ஈயம் பிடிக்காது. ஒரு பக்கம் அயர்ன், மறுபக்கம் ஊசி. ஈயம் இளகி ஊசி உள்ளே வழுக்கியதும் அயர்னை எடுத்துவிட்டு, ஈயம் உறையும்வரை ஊசியைத் திருகிக்கொண்டே இருந்தேன். உருவியபோது துளை வழியாக டியூப்லைட் வெளிச்சம் தெரிந்தது!

தயவுசெய்து டிரில் பிட் போடாதீர்கள். துளைக்குள் இருக்கும் செப்புக் குழாய்தான் உள் அடுக்குகளை இணைக்கிறது. அது கிழிந்தால் போர்டு போனதுதான்.

கெப்பாசிட்டருக்கு முதலில் சென்னையின் எலக்ட்ரானிக்ஸ் சந்தையான ரிச்சி ஸ்ட்ரீட் போனேன். "கண்டென்சர்தானே சார், ஆயிரம் எம்எஃப்டி பதினாறு வோல்ட் இருக்கு, ஓடும்" என்றார்கள். கண்டென்சர் என்பது கெப்பாசிட்டர்தான், எம்எஃப்டி என்பது மைக்ரோஃபாரட். 85 டிகிரி வரை தாங்கும் சாதாரண சரக்கு. வோல்டேஜ் கூடுதலாக இருப்பதில் தவறில்லை. ஆனால் ப்ராசசர் சப்ளை நொடிக்கு லட்சக்கணக்கான முறை ஸ்விட்ச் ஆகிற இடம், அங்கே இஎஸ்ஆர் (உள் மின்தடை) குறைந்த ரகம்தான் நிற்கும். பானசோனிக் எஃப்ஆர், 105 டிகிரி, ஆன்லைனில் பத்தாக வாங்கினேன்.

மீதி ஒன்பதையும் வரிசையில் இருக்கும் பழசுகளுக்கே போடப் போகிறேன். தலை உப்பவில்லை, ஆனால் இருபத்தைந்து வயது தாண்டிய எலக்ட்ரோலைட்டை (கெப்பாசிட்டருக்குள் இருக்கும் திரவம்) நம்ப முடியாது. அப்புறம் கம்ப்யூட்டருக்கு மின்சாரம் தரும் எஸ்எம்பிஎஸ்ஸையும் திறக்க வேண்டும். பழைய வகை ஐஎஸ்ஏ ஸ்லாட்டில் பழைய சவுண்ட் பிளாஸ்டர் ஒலி கார்டும் காத்திருக்கிறது. அப்பா, யூனிகோடுக்கு முந்தைய டாப் (TAB) எழுத்துருவில் அடித்துவைத்த கடிதங்கள் ஃபிளாப்பியில் இருக்கின்றன, அவற்றை இந்த மெஷினிலேயே திறந்து பார்க்க ஆசை.

ஃப்ளக்ஸை இன்னும் ஐபிஏ (ஐசோபுரொப்பைல் ஆல்கஹால்) போட்டுத் துடைக்கவில்லை. இதை எழுதும்போது நினைவகத்தைச் சோதிக்கும் மெம்டெஸ்ட் மூன்றாவது சுற்றில் இருக்கிறது, இதுவரை பிழை பூஜ்யம்.