ஒப்பந்தத்தை ரத்து செய்து நான் ஃபெயிலான கதை

கொள்முதல் மேலாண்மைப் படிப்பில் மற்ற தாள்களை எல்லாம் முதல் தடவையிலேயே தாண்டிவிட்டேன். நிலைத்த கொள்முதலும் (சுற்றுச்சூழலையும் தொழிலாளர் நலனையும் பார்த்து வாங்குவது) சப்ளையர் மேலாண்மையும் வரும் தாளில் மட்டும் 38 மார்க், ஃபெயில். மூன்று மணி நேரம் கை வலிக்க எழுதிய தாள் அது; வேறு யாருடைய மார்க்கோ மாறி வந்துவிட்டது என்றுதான் முதலில் நினைத்தேன். இரண்டாவது தடவை 71. அதே பாடம், அதே நோட்ஸ்தான். எழுதிய விதம் மட்டும் மாறியது.

சறுக்கிய கேள்வி இதுதான்: ஒரு நிறுவனம் தன் இயந்திரத்துக்கான சிறிய வால்வை ஒரே சப்ளையரிடம் வாங்குகிறது. வேறு யாரும் அதைச் செய்வதில்லை. அங்கே தொழிலாளர்கள் வாரத்துக்கு 70 மணி நேரம் வேலை பார்ப்பது ஆடிட்டில் தெரியவருகிறது. கொள்முதல் மேலாளராக உங்கள் நடவடிக்கையை மதிப்பிடுக.

மனிதர், பூமி, லாபம் என்று ஒன்றரைப் பக்கம் அளந்துவிட்டு, ‘ஒப்பந்தத்தை உடனே ரத்து செய்வேன்’ என்று வீரமாக முடித்திருந்தேன். வாங்கும் பொருள்களை லாபத்தில் அவற்றுக்குள்ள பங்கு, கிடைப்பதில் உள்ள ஆபத்து என்ற இரண்டையும் வைத்துப் பிரிக்க பீட்டர் கிரால்ஜிச் 1983இல் தந்த நான்கு கட்டப் படத்தையும் அழகாகப் போட்டிருந்தேன். ஆனால் அந்த வால்வு எந்தக் கட்டத்தில் உட்காரும் என்று யோசிக்கவே இல்லை. விலை குறைவு, கிடைப்பதோ அரிது: பச்சையான ‘பாட்டில்நெக்’ பொருள். ரத்து செய்தால் மறுவாரமே நம் உற்பத்தி நிற்கும். அந்தத் தொழிலாளர்களுக்கும் வேலை போகுமே தவிர, ஓய்வு கிடைக்காது.

அடுத்த தடவைக்குப் படிக்கும்போது இந்தக் கேள்வியோடு மட்டும் ஒரு வாரம் மல்லுக்கட்டினேன். 70 மணி நேரம் ஏன் வருகிறது? பல சமயம் காரணம் வாங்குபவரேதான். தேவைக் கணிப்பைத் தாமதமாகக் கொடுப்போம், கடைசி நேரத்தில் வரைபடத்தை மாற்றுவோம், டெலிவரி தேதியை மட்டும் ஒரு நாள்கூட நகர்த்த மாட்டோம். அப்போது சப்ளையர் ஆட்களை ராத்திரியும் உட்கார வைக்காமல் என்ன செய்வார்? ஆகவே பதிலை நம் ஆர்டர் பழக்கத்திலிருந்து தொடங்குங்கள். பிறகு திருத்த நடவடிக்கைத் திட்டம்: யார் பொறுப்பு, எந்தத் தேதிக்குள், மறு ஆடிட் எப்போது. கூடவே இரண்டாவது சப்ளையரை வளர்க்கும் வேலை. ரத்து என்பது இவை எல்லாம் தோற்ற பிறகுதான்.

விதிவிலக்கு உண்டு. கட்டாய உழைப்பு, உயிருக்கு உடனடி ஆபத்து என்றால் தேதி கொடுத்துக் காத்திருக்க முடியாது. குழந்தைத் தொழிலாளர் என்றாலும் ‘வேலையை விட்டு நீக்கச் சொல்வேன்’ என்று நிறுத்தாதீர்கள். அந்தக் குழந்தை அதைவிட மோசமான இடத்துக்குப் போகலாம். பள்ளிப் படிப்புக்கும் குடும்ப வருமானத்துக்கும் யார் வழி செய்வது என்பதையும் எழுத வேண்டும்.

ராணா பிளாசாவை எல்லோரும் எழுதுகிறார்கள். 2013 ஏப்ரல் 24, வங்கதேசம், ஆடைத் தொழிற்சாலைகள் இருந்த கட்டடம் இடிந்து 1,100 பேருக்கு மேல் பலி என்பதோடு விட்டால் அது வெறும் செய்தி. அந்தக் கட்டடத்தில் இருந்த சில தொழிற்சாலைகளில் முன்பே சமூக ஆடிட் (தொழிலாளர்களின் வேலை நிலைமையைச் சோதிப்பது) நடந்திருந்தது. கட்டடத்தின் உறுதியைச் சோதிப்பது அந்த ஆடிட்டின் எல்லைக்குள் வரவில்லை. ஆடிட் அறிக்கையை எவ்வளவு தூரம் நம்பலாம் என்ற கேள்விக்கு இதைவிடப் பொருத்தமான உதாரணம் எனக்குத் தெரியாது.

என்னைப் போலவே பலரும் விழும் ஒரு குழி: ‘சப்ளையரிடம் ஐஎஸ்ஓ 20400 சான்றிதழ் கேட்பேன்.’ அப்படி ஒரு சான்றிதழே கிடையாது. நிலைத்த கொள்முதலுக்காக 2017இல் வந்த அந்தத் தரநிலை வழிகாட்டுதல் மட்டுமே. சான்றிதழ் கேட்க வேண்டுமானால் சுற்றுச்சூழலுக்கு ஐஎஸ்ஓ 14001, தொழிலாளர் நிலைமைக்கு எஸ்ஏ 8000 இருக்கின்றன. ஸ்கோப் 3 உமிழ்வின் (சப்ளையர் முதல் வாடிக்கையாளர் வரை நம் சங்கிலியில் வெளியாகும் பசுமைக்குடில் வாயுக்கள்) 15 பிரிவுகளையும் மனப்பாடம் செய்யாதீர்கள்; வாங்கும் பொருள்களும் சேவைகளும் முதல் பிரிவில் வரும் என்பதும், அந்தக் கணக்குக்கான தரவு சப்ளையரிடம்தான் இருக்கிறது என்பதும் தெரிந்தால் சமாளிக்கலாம்.

கணக்குக் கேள்விக்குப் பயப்பட வேண்டாம். ஒரு பம்பின் விலை 100, ஆண்டு மின்செலவு 60. இன்னொன்று 140, ஆண்டுக்கு 45. ஐந்து ஆண்டில் முதலாவது 400, இரண்டாவது 365. இதோடு பேனாவை மூடினால் பாதி மார்க்தான். கூடுதல் விலையான 40ஐ ஆண்டுக்கு 15 வீதம் மீட்க ஏறக்குறைய 2 ஆண்டு 8 மாதம் ஆகும். இரண்டே ஆண்டில் ஆலையை இடம் மாற்றி பம்பைக் கழற்றப் போகிறார்கள் என்று கேள்வியின் மூலையில் ஒரு வரி இருந்தால், விடை தலைகீழ். அந்த வரியைத் தேடுங்கள்.

இரண்டாவது தடவையும் இங்கே எனக்கு மார்க் போனது. கணக்கெல்லாம் சரி, பழைய பம்பை அப்புறப்படுத்தும் செலவைச் சேர்க்க மறந்துவிட்டேன். கேள்வித்தாளில் அந்தத் தொகையின் கீழ் நானே கோடு போட்டு வைத்திருந்தேன்.