அத்தை இல்லாத ஏழூர்

தாம்பரத்தில் உழவன் எக்ஸ்பிரஸ் ஏறிய உடனே எங்கள் வீட்டில் ஒரு சண்டை தொடங்கிவிடும். புளி எவ்வளவு, நல்லெண்ணெய் எத்தனை லிட்டர், பெருங்காயம் கட்டியா தூளா. அத்தை கீழ் பெர்த்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்து ஒவ்வொன்றாகச் சொல்ல, நான் ஒன்றை மறுக்க, இவர் அம்மா பக்கம் சாய, விழுப்புரம் தாண்டும்வரை அது ஓடும். இந்த வருஷம் நாங்கள் இரண்டு பேர்தான். கீழ் பெர்த் எனக்கு. செங்கல்பட்டு வருவதற்குள் இவர் விளக்கை அணைத்துவிட்டார்.

அத்தை போன வருஷம் பங்குனியில் தவறினார். அடுத்து வந்த சித்திரையில் நாங்கள் ஏழூருக்குப் போகவில்லை. துக்க வீட்டுக்குத் திருவிழா ஏது? இந்தப் பங்குனியில் தலைத்திவசம் முடிந்த பிறகு ஒரு நாள் இவர் தானாகவே, "ஏழூருக்கு டிக்கெட் போட்டுட்டேன்" என்றார். சரி என்றேன். அதற்கு மேல் இரண்டு பேரும் பேசவில்லை.

ஏழூர் தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம் சொல்கிறேன். சிலாத முனிவரின் பிள்ளையான நந்தியைத் திருவையாற்று ஐயாறப்பர் தன் பிள்ளையாகவே ஏற்றுக்கொண்டு, திருமழபாடியில் சுயசாம்பிகையைக் கட்டிவைத்தார். அது பங்குனிப் புனர்பூசத்தில் நடக்கும். 'நந்தி கல்யாணம் பார்த்தால் முந்திக் கல்யாணம்' என்று எங்கள் பக்கத்தில் ஒரு சொல் உண்டு. அந்தக் கல்யாணத்துக்குச் சுற்று ஊர்களிலிருந்துதான் சாமான் வந்ததாம். திருப்பழனத்திலிருந்து பழம், திருச்சோற்றுத்துறையிலிருந்து சோறு, திருவேதிகுடியிலிருந்து வேதம் ஓதுகிறவர்கள், திருப்பூந்துருத்தியிலிருந்து பூ, திருநெய்த்தானத்திலிருந்து நெய். கண்டியூர் கொடுத்தது பாத்திரம் என்பார் ஒருவர், நகை என்பார் இன்னொருவர். சித்திரைப் பெருவிழா முடிகிற சமயம், புதுமணத் தம்பதியை அழைத்துக்கொண்டு ஐயாறப்பர் அந்த ஆறு ஊருக்கும் போய்வருவார். நம் வீடுகளில் கல்யாணமான பிள்ளையையும் மருமகளையும் சொந்தக்காரர்கள் வீட்டுக்கு விருந்துக்குக் கூட்டிப் போவதில்லையா, அதேதான். முன்னால் கண்ணாடிப் பல்லக்கில் ஐயாறப்பரும் அறம்வளர்த்த நாயகியும். பின்னால் வெட்டிவேர்ப் பல்லக்கில் நந்தியும் சுயசாம்பிகையும். போகிற ஊரிலெல்லாம் அந்தந்த ஊர்ச் சாமியும் தன் பல்லக்கோடு சேர்ந்துகொள்ள, மறுநாள் திருவையாற்றுக்குத் திரும்பும்போது ஏழு ஊர்ப் பல்லக்கும் ஒன்றாகிவிடும்.

அதாவது முன்னால் போகிறவர் மாமியார், பின்னால் வருகிறவள் மருமகள். இதை முதன்முதலில் எனக்குச் சொன்னது அத்தைதான். "நல்லாப் பாத்துக்க, மாமியாருக்குப் பின்னாடிதான் மருமக" என்றார். கல்யாணமாகி ஒரு மாசம்கூட ஆகவில்லை எனக்கு. அறம்வளர்த்த நாயகி இரு நாழி நெல்லை வைத்துக்கொண்டு 32 அறமும் செய்தவள். அப்படிப்பட்ட கணக்குக்காரி வீட்டில் வாழ்க்கைப்பட்ட சுயசாம்பிகை என்ன பாடு பட்டாளோ என்று நான் மனசுக்குள் நினைத்துக்கொண்டேன். இருபத்தாறு வருஷம் ஒரே சமையலறையில் நின்ற பிறகும் அந்த நினைப்பு முழுசாகப் போகவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

தஞ்சாவூரில் இறங்கி பஸ் பிடித்து வந்து வீட்டைத் திறந்தபோது மணி ஏழு. பூட்டுக்கு எண்ணெய் விட வேண்டியிருந்தது. கூடம் முழுக்க வௌவால் எச்சம். முதல் வேலையாக நான் பரணில் ஏறினேன். வெண்கலப் பானை, இரண்டு அகலத் தாம்பாளம், பனையோலை விசிறி, பித்தளைத் தூக்கு, அத்தையின் சின்ன எவர்சில்வர் சம்படம் என்று எல்லாவற்றையும் இறக்கி, புளி போட்டுத் தேய்த்துக் கவிழ்த்தேன். பக்கத்து வீட்டில் ஒரு சிலிண்டர் கடன் கேட்டோம். இவர் ஒரு வேலையும் சொல்லாமலேயே ஒட்டடை அடித்தார். இது எனக்குப் புதுசு. ஒரு வருஷமாகவே இப்படித்தான் இருக்கிறார். சாம்பாரில் காரம் ஏறினாலும் குழம்பு தண்ணியாகப் போனாலும் வாயைத் திறப்பதில்லை. 'அம்மா வச்சா இப்படி இருக்காது' என்ற வாக்கியத்தைக் கேட்டு எத்தனை நாளாயிற்று! கேட்டால் பற்றிக்கொண்டு வரும், கேட்காவிட்டால் வீடு வீடாக இல்லை.

சாயங்காலம் வெயில் தாழ்ந்ததும் திங்களூர் போனோம். திருப்பழனத்துக்குப் பக்கத்தில்தான். சந்திரன் தலம் என்று எல்லா ஊரிலிருந்தும் வருகிறார்கள், வந்த வேகத்தில் சந்திரனுக்கு விளக்கேற்றிவிட்டுப் போகிறார்கள். எனக்கு அந்த ஊர் அப்பூதியடிகள் ஊர். அப்பர் வீட்டுக்குச் சாப்பிட வந்திருக்கிறார். இலை அறுக்கப் போன மூத்த பிள்ளையைப் பாம்பு தீண்டுகிறது. பிள்ளை இலையைத் தாயார் கையில் கொடுத்துவிட்டு விழுகிறான். தெரிந்தால் அப்பர் சாப்பிடமாட்டாரே என்று புருஷனும் பெண்டாட்டியும் அவனைப் பாயில் சுருட்டி மறைத்துவிட்டு இலை போடுகிறார்கள். அப்புறம் அப்பர் பதிகம் பாடிப் பிள்ளையை எழுப்பினார் என்பது எல்லோருக்கும் தெரியும். எனக்குப் பிடிபடாதது அதற்கு முந்தின அரை மணி நேரம். அந்த அம்மாள் கை நடுங்காமல் எப்படிப் பரிமாறினாள்? கோயிலுக்குள் அந்தக் குடும்பத்தின் உருவங்கள் இருக்கின்றன. அவள் முன்னால் கொஞ்சம் நின்றேன்.

நிற்கக் காரணம் உண்டு. அத்தையை ஊருக்குக் கொண்டுவந்த அன்று நான் அழவில்லை. துஷ்டிக்கு வந்தவர்களுக்குத் தண்ணீர், காபி, சென்னையிலிருந்து வந்தவர்களைப் படுக்கவைக்க இடம், கொள்ளிப்பானை வந்ததா, கோடித்துணி வந்ததா என்று ஓடிக்கொண்டிருந்தேன். பதினாறாம் நாள் கருமாதிச் சமையலுக்குத் தேங்காய் எண்ணிக்கொண்டிருந்தபோது, கொல்லைப்புறத்தில் ஒரு உறவுக்காரப் பெரியம்மா யாரிடமோ சொன்னது காதில் விழுந்தது. "மாமியா செத்த ஆறாம் மாசம் மருமக கண்ணுல கண்ணீர் வந்துச்சாம்." இரண்டு பேரும் சிரித்தார்கள். நான் எண்ணிக்கை விட்டுப்போய் முதலிலிருந்து எண்ணினேன். இவரை ஆறுதலாகக் கட்டிக்கொள்ள ஆள் இருந்தது. அத்தையின் தலைக்கு எண்ணெய் தேய்த்தவள், எந்த மாத்திரை சாப்பாட்டுக்கு முன், எது பின் என்று தெரிந்தவள் நான். என்னிடம் யாரும் எதுவும் கேட்கவில்லை.

ராத்திரி பத்து மணிக்குப் புளிக்காய்ச்சல் ஏற்றினேன். மல்லி, வெந்தயம், மிளகாய், கட்டிப் பெருங்காயம் வறுத்துப் பொடித்து வைத்தாயிற்று. கரைத்த புளியை நல்லெண்ணெயில் தாளித்துக் கொட்டிவிட்டு நின்றேன். இதில் அத்தைக்கு அளவு கிடையாது, நேரம் கிடையாது. எல்லாம் சத்தம்தான். முதலில் களகளவென்று கொதிக்கும். பச்சை வாசனை போகப் போகச் சத்தம் கனக்கும். கடைசியில் பொத்து, பொத்து என்று விட்டுவிட்டு வெடிக்கும், கையில் தெறிக்கும், ஓரத்தில் எண்ணெய் பிரிந்து நிற்கும். திண்ணையில் படுத்தபடியே அத்தை காது கொடுத்துக்கொண்டிருந்து, சரியாக அந்த நேரத்தில், "ஏம்மா, அடுப்பத் தணி!" என்று குரல் கொடுப்பார். ஒரு தடவைகூடத் தப்பியதில்லை. அதனால் இருபத்தாறு வருஷமும் நான் அந்தச் சத்தத்தைக் கவனிக்கவே இல்லை. அன்றைக்குத்தான் முதன்முதலாகக் காது கொடுத்துக் கேட்டேன். திண்ணையில் இவர் படுத்திருந்தார். தூங்கவில்லை என்று தெரியும். சத்தம் மாறியதும் நானே அடுப்பைத் தணித்தேன்.

விடிகாலை மூன்று மணிக்கு எழுந்து சாதம் வடித்து, தாம்பாளத்தில் பரப்பி, மஞ்சளும் எண்ணெயும் விட்டு, விசிறியால் ஆற்றி, பொலபொலவென்று ஆன பிறகு கிளறினேன். சூட்டோடு கிளறினால் குழைந்துவிடும், நன்றாக ஆறிவிட்டால் புளி ஏறாது. இன்னொரு பானையில் தயிர்சாதம். பால் கொஞ்சம் தாராளமாக விட்டால் மத்தியானத்தில் புளிக்காது. கை பாட்டுக்கு வேலை செய்தது. எதை எதில் போட்டோம் என்று யோசிக்கக்கூட இல்லை.

ஐந்தரைக்குத் தெற்கு வாசலில் ஆட்கொண்டாருக்கு ஒரு கும்பிடு போட்டோம். பல்லக்குகள் கிளம்பிவிட்டன. சீர்பாதம் தாங்கிகள் தோளில் துண்டை மடித்துப்போட்டுத் தண்டைத் தூக்கியபோது கண்ணாடிப் பல்லக்கு ஒரு சொடுக்கு ஆடி நிமிர்ந்தது. திருப்பழனம் வரை வாழைக்கொல்லைக் காற்று இருந்தது, கஷ்டம் தெரியவில்லை. அங்கே ஆபத்சகாயரைப் பார்த்துவிட்டுக் காவிரியில் இறங்கியதும்தான் கத்திரி வெயில் என்றால் என்னவென்று தெரிந்தது. மேட்டூர் வழக்கமாகத் திறப்பது ஜூன் 12. அதற்கு முன்னால் காவிரி என்பது ஒரு மணல் ரோடு. கணுக்கால் தண்ணீர்கூட இல்லை. பல்லக்குத் தூக்கிகள் செருப்பில்லாமல் அந்த மணலில் ஓட்டமும் நடையுமாகப் போகிறார்கள். நான் ஈரத்துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு நாணல் நிழலாகப் பார்த்து ஓடினேன். இவர் தூக்கு இரண்டையும் சுமந்துகொண்டு பின்னால் வந்தார். காவிரி முடிந்தால் குடமுருட்டி, அதுவும் மணல். நடுவில் ஒரு பந்தலில் பானகம் கொடுத்தார்கள். இரண்டு சொம்பு குடித்தேன். சுக்கு கொஞ்சம் தூக்கல்.

திருச்சோற்றுத்துறையில் சாமிக்கு ஓதனவனேசுவரர் என்று பெயர். ஓதனம் என்றால் சோறு. பஞ்ச காலத்தில் அருளாளர் என்ற அடியாரும் அவர் மனைவியும் ஊருக்குச் சோறு போட வழியில்லாமல் அழுதபோது, எடுக்க எடுக்கக் குறையாத பாத்திரம் ஒன்று கொடுத்தார் என்பது தலக்கதை. தொலையாச் செல்வர் என்றும் அவருக்குப் பெயர். கருவறைக்குள் கூட்டம் முட்டியது. ஒரு நிமிஷ தரிசனம்தான் கிடைத்தது. போதும். வெளியில் தெருவே சாப்பாட்டுப் பந்தியாக இருந்தது. ஒரு வேப்பமரத்தடியில் வருஷா வருஷம் அத்தை இடம் பிடிக்கும் மதிலோரத்தில் தூக்கை இறக்கினோம். இவர் வாழையிலைத் துண்டு எடுத்துக் கொடுக்க, நான் வைத்துக் கொடுத்தேன். தாங்கிகள், மேளக்காரர்கள், பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு ஒரு பெண், பெயர் தெரியாத எத்தனையோ பேர். புளிசாதம் அரை மணியில் தீர்ந்தது. அட்சய பாத்திரம் இல்லையே, வழித்தும் பார்த்தாயிற்று. தயிர்சாதமும் போய்விட்டது. இவர் இன்னும் சாப்பிடவில்லை. பைக்குள் கையை விட்டேன், அடியில் அந்தச் சின்னச் சம்படம் தட்டுப்பட்டது. திறந்தால் தயிர்சாதம், மேலே இரண்டு மாதுளை முத்து. நம்மையும் அறியாமல் நமக்கும் கொஞ்சம் எடுத்துவைத்திருக்கிறோமே என்று சந்தோஷமாக அவரிடம் நீட்டினேன்.

ஒரு வாய் வைத்தவர் நிறுத்தினார்.

"என்ன, உப்பே போடலியா இதுல?"

ஒரு வருஷத்துக்குப் பிறகு சாப்பாட்டில் அவர் சொன்ன முதல் குறை. பதில் சொல்ல வாயெடுத்தேன், வரவில்லை. அத்தைக்குக் கடைசி ஏழு வருஷமாக ரத்தக் கொதிப்பு. உப்பைக் குறைக்கச் சொல்லியிருந்தார்கள். தயிர்சாதத்துக்கு உப்புப் போடுவதற்கு முன் ஒரு சம்படம் தனியாக எடுத்து, மாதுளை போட்டு மூடுவேன். 'நோய்க்காரிக்குன்னு தனிச் சோறா' என்று முணுமுணுத்துக்கொண்டே சாப்பிடுவார். மூன்று மணி இருட்டில் என் கை அதைத்தான் செய்திருக்கிறது.

"அது அத்தைக்கு" என்றேன்.

சொன்னதும் வந்துவிட்டது. மதில் பக்கம் திரும்பி நின்று, முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு அழுதேன். மேளச் சத்தத்தில் யாருக்கும் கேட்டிருக்காது. பழமொழி சொன்ன பெரியம்மா கணக்குப்படி ஆறு மாசம். எனக்குப் பதின்மூன்று ஆகியிருக்கிறது. இவர் என்னைத் தொடவும் இல்லை, அழாதே என்று சொல்லவும் இல்லை. அவருக்கு அதெல்லாம் வராது. திரும்பிப் பார்த்தபோது மண்ணில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து அந்தச் சோற்றைச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். ஒவ்வொரு வாயாக, மெதுவாக. எலுமிச்சை ஊறுகாய் பாட்டில் பைக்குள்ளேயே இருந்தது. அவருக்கும் தெரியும், கேட்கவில்லை. கடைசிக் கவளத்தை மட்டும் மிச்சம் வைத்து என்னிடம் நீட்டினார். வாங்கிச் சாப்பிட்டேன். உப்பில்லாமல் அது நன்றாகவே இல்லை. இதை ஏழு வருஷம் எப்படித்தான் சாப்பிட்டாரோ.

அதற்குள் முன்னால் மாமியார் பல்லக்கு கிளம்பிவிட்டது. மருமகள் பல்லக்குக்குத் தோள் மாற்றிக்கொண்டிருந்தார்கள். தூக்கைக் கழுவ நேரமில்லை. அப்படியே மூடி இரண்டு பேரும் ஆளுக்கொன்றாக எடுத்துக்கொண்டு வேதிகுடிப் பாதையில் நடந்தோம். "அடுத்த வருஷம் புளி இன்னும் ஒரு கால் கிலோ சேத்துக்க" என்றார் இவர், கொஞ்ச தூரம் போனதும்.

"உங்கம்மா அவ்வளவு போடமாட்டாங்க" என்றேன்.